காலமானவரின் பெயர்

ஆவுடைத்தாயைச் சண்முகையா கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். திருநெல்வேலியில் அந்த ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, சக்கரக் கட்டிலில் பச்சைத் துணி போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். நர்ஸ் வந்து தாலியைக் கழற்றச் சொன்னதற்கு அரைமணி நேரம் முரண்டு பிடித்து, கடைசியில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொண்ட பிறகுதான் சங்கிலியைக் கழற்றி அவர் கையில் கொடுத்திருந்தாள். கீழேயிருந்து வாட்ச்மேன் ஏறிவந்து, யாருடையது அந்த வெள்ளைக் கார், ஆம்புலன்ஸ் வருகிற வழியில் நிற்கிறது என்று சத்தம் போட்டான். "போங்க, போய் வண்டிய எடுங்க. டாக்டரம்மா வண்டி, ஒரு கீறல் விழுந்தா அவுக மூஞ்சியில எப்பிடி முழிப்பிய? நான் எங்க ஓடியா போறேன், இங்கனதான கெடக்கேன்" என்றாள். அவர் இறங்கிப் போய் வண்டியை எடுத்து, வேப்பமரத்தடியில் இடம் பார்த்து நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, பூட்டி, பூட்டியிருக்கிறதா என்று கதவை ஒருதரம் இழுத்தும் பார்த்துவிட்டு மாடியேறி வந்தபோது தியேட்டர் கதவு சாத்தியிருந்தது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். இந்த ஆறு வருடத்தில் இதை எத்தனை தடவை நினைத்திருப்பார் என்று கணக்கில்லை. அந்தக் கார்க் கதவை இழுத்துப் பார்க்காமல் வந்திருந்தால் என்ற இடத்தில் நினைப்பு போய் முள்ளில் துணி மாட்டினது போல மாட்டிக்கொள்ளும். இன்றைக்கு அது ஞாபகம் வந்ததற்குக் காரணம் வேறு. இன்றைக்குப் பகல் ஒன்றேகால் மணிக்கு, கோவில்பட்டி மெயின் ரோட்டில் ஒரு கார் பைனான்ஸ் ஆபீசில், ஜெபசிங் என்கிற ஆபீசர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவரிடம் சொன்னான்: "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதிய. இதுல நீங்க செத்துப் போயிருக்கிய."

சண்முகையா சிரித்தார். சிரிப்பு வாய்மட்டும் வந்து நின்றுவிட்டது. இருட்டில் இறங்கும்போது இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் தரை முந்திவந்து உள்ளங்காலில் அறையுமே, அப்படி ஒரு அறை நெஞ்சுக்குள் விழுந்தது. "எந்தக் கம்ப்யூட்டர்ல தம்பி?" என்று கேட்டார், அது ஏதோ பெரிய சந்தேகம் போல. "எல்லாக் கம்ப்யூட்டர்லயும்தான். கடன் வாங்குதவன் ஜாதகம் பூரா ஒரே எடத்துலதான இருக்கு" என்று ஜெபசிங் திரையை அவர் பக்கம் திருப்பினான். மருந்துச் சீட்டையும் மைல்கல்லையும் எழுத்துக்கூட்டியே இங்கிலீஷ் கற்றுக்கொண்டவர் அவர். அவருடைய பெயர் இருந்தது, தகப்பனார் பெயரின் முதலெழுத்து இருந்தது, பிறந்த தேதி சரியாக இருந்தது. அதற்குக் கீழே சிவப்பில் ஒரே ஒரு வார்த்தை. அவர் கார் ஓட்டுகிற டாக்டரம்மா கேஸ் ஷீட்டில் எப்போதாவது எழுதி, அடியில் கோடு போட்டு, பைலை மூடி வைக்கிற வார்த்தை. அதைப் படிக்க அவருக்கு எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கவில்லை. ஏசிக் காற்று நேராகப் பிடரியில் விழுந்தது. யாரோ எலுமிச்சம்பழச் சாதத்தைத் திறந்திருந்தார்கள். செத்தவனுக்கு எலுமிச்சம்பழ வாசனை தெரியுமா என்று ஒரு நினைப்பு ஓடியது, ஓடினதற்கு வெட்கமாகவும் இருந்தது. ஜெபசிங் விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனான். "மிக்ஸித் தவணை, ஒழுங்கா கட்டியிருக்கிய. பீரோத் தவணை, ஒழுங்கு. செல்போன், நகைக்கடன், எல்லாம் தேதிக்கு முந்தியே கட்டியிருக்கிய. சின்னக் கடனுக்கு எவனும் இம்புட்டு ஆழமாத் தோண்டிப் பாக்க மாட்டான். ஒருநாள் பிந்தாம தவணை கட்டுத பொணத்த நான் இன்னைக்குத்தான் அண்ணாச்சி பாக்கேன்." பக்கத்து மேசைப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தத் தவணைகளுக்கெல்லாம் ஒரு கதை உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பைக் எடுக்கப் போன இடத்தில், கம்ப்யூட்டரில் ஏதோ நம்பரை மட்டும் பார்த்துவிட்டு, உங்கள் மார்க் சரியில்லை, கடன் கிடைக்காது என்று திருப்பி அனுப்பினார்கள். என்ன மார்க், எந்தப் பரீட்சை என்று அவருக்கு விளங்கவில்லை. அங்கே நின்ற புரோக்கர்தான் டீக்கடைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக் கொடுத்தான்: பழைய கடன் ஏதாவது அரைகுறையாக நின்றிருக்கும், பெயர் கெட்டிருக்கும், சின்னச் சின்னதாகக் கடன் வாங்கி நாள் தவறாமல் கட்டிக்கொண்டே வாருங்கள், மெல்லத் தேறும். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி கொடுத்துத் தேற்றுகிற மாதிரி என்று அவர் புரிந்துகொண்டார். ஒற்றை ஆளுக்கு எதற்கு மிக்ஸி? வாங்கினார். பன்னிரண்டு மாதம் கட்டினார். பெட்டி பிரிக்காமல் கிடந்தது. பீரோ வாங்கி மகள் பிரேமா வீட்டுக்கு அனுப்பினார். வேண்டாத சாமான்களை வேண்டாத கடனில் வாங்கி, மூன்றாம் தேதி என்றால் இரண்டாம் தேதியே போய் வரிசையில் நின்று கட்டினார். கட்டிவிட்டு வெளியே வருகையில் உடம்பில் ஒரு சொட்டு ரத்தம் கூடினது போல இருக்கும். எல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தான். டாக்டரம்மா ஆஸ்பத்திரியை மூடிவிட்டுச் சனிக்கிழமை பெங்களூரில் இருக்கும் மகனிடம் போகிறார்கள். இருபத்தோரு வருடம் அவர் அவர்களுக்குக் கார் ஓட்டியிருக்கிறார். இந்தக் கடைசி வெள்ளைக் காரை மட்டும் எட்டு வருடம். மதுரை வியாபாரி இரண்டு லட்சத்து அறுபதாயிரத்துக்குக் கேட்கிறான். "ஓட்டினவன் கையிலேயே இருக்கட்டும் சண்முகையா. உனக்கு ரெண்டு நாப்பது. வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டா" என்றார்கள் டாக்டரம்மா. கையில் எழுபதாயிரம் இருக்கிறது. மீதிக்கு இந்தக் கடன். வண்டி கிடைத்துவிட்டால், திருநெல்வேலிக்கு டயாலிஸிஸ் போகிற மூன்று பேர் வாரம் மூன்று நடைக்குத் தயாராக இருக்கிறார்கள். கிடைக்காவிட்டால், ஐம்பத்தேழு வயதில் கண்ணாடி போட்ட டிரைவரை எவன் வேலைக்கு வைப்பான்? இன்றைக்குப் புதன்கிழமை. தேறிவிட்டேன் என்று நினைத்துத்தான் நல்ல சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தேறுவதற்கு ஆள் இருந்தால்தானே.

இதில் ஏதோ ஆள் மாறாட்டம் என்றுதான் கொஞ்ச நேரம் நினைத்தார். சண்முகையா என்று ஊரில் ஒருத்தன்தானா இருக்கிறான்? ஜெபசிங் நல்ல பையன்; சிரித்தானே தவிர கைவிடவில்லை. செத்ததாகப் பதிவு போட்டிருந்த, ஒரு பழைய கடனைக் கொடுத்த வங்கியில் கூடப் படித்தவன் ஒருத்தன் இருப்பதாகச் சொல்லி, அவனைச் செல்போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தான். நம்பரைச் சொன்னதும் அந்தப் பக்கத்தில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஆமாடே, பொஞ்சாதி புருசன் ரெண்டு பேரும் சேந்து வாங்குன கடன். புருசன்காரன் செத்துட்டான். எழுதிக் குடுத்த பாரம் இருக்கு. அந்தம்மா பேருலதான் நிக்கி." ஜெபசிங் அவரை நிமிர்ந்து பார்த்தான். அந்தக் குரல் யாருக்குக் கேட்கிறது என்று தெரியாமலே பேசிக்கொண்டு போனது. "பதினோரு நோட்டீஸ் போயிருக்கு. ஒண்ணுக்கும் பதில் இல்ல. ரெண்டு தடவ ஆள் அனுப்பிப் பாத்தாச்சு, வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டாளாம். ஆள் அகப்படலன்னு எழுதி வச்சிருக்கு. சரியான கைகாரி போல." சண்முகையா எழுந்து நின்றுவிட்டார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் மோதியது. ஜெபசிங் சட்டென்று போனை அணைத்துவிட்டு, "உக்காருங்க அண்ணாச்சி, அவனுக்கு என்ன தெரியும், உக்காருங்க" என்று தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். அப்புறம், செத்தது அவர் மனைவிதான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, குரலை இறக்கி, மேசைமேல் குனிந்து, சொந்தத் தம்பி சொல்வது போலச் சொன்னான். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இறந்தது நான் இல்லை, என் மனைவிதான் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அவளுடைய இறப்புச் சான்றிதழை அவன் பிறகு இணைத்துக்கொள்வான். அவர் உயிர்த்து எழுந்துவிடுவார், ஆனால் பழைய கடன் அவர் தலையில் உட்காரும், திருத்தம் ஏறவே ஒன்றரை மாதம் ஆகும், அப்புறமும் மார்க் பாதாளத்தில் கிடக்கும், கார் கிடையாது. இன்னொன்று, ஒன்றும் எழுதாமல் இருப்பது. "மக சம்பளம் வாங்குதுன்னு சொன்னியள்லா. அது பேருல நாளைக்கே போட்டுருவோம். நீங்க பாட்டுக்குச் செத்தவராவே இருந்துட்டுப் போங்க. ஒரு பய உங்ககிட்ட அஞ்சு பைசா கேக்க முடியாது. உசிரோட இருக்கிறவனுக்குக் கெடைக்காத நிம்மதி அண்ணாச்சி." ஒரு தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, யோசிங்க, சாப்பிட்டு வந்துருதேன் என்று உள்ளே போனான்.

தாள் வெள்ளையாக இருந்தது. ஏசிக் காற்றில் ஒரு மூலை லேசாகத் தூக்கித் தூக்கி அடங்கியது. சண்முகையா அதன்மேல் பேனாவை வைத்தார். கைகாரி. காய்க்காரி இரண்டு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டாள் என்று உச்சி வெயிலில் சந்தைக்குத் திரும்ப நடந்தவள். அவளைப் போய். இந்த ஆறு வருடமும் அவர் அந்த வங்கியைக் கையெடுத்துக் கும்பிட்டு வந்திருக்கிறார், அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. அவள் போன மறுமாதம் ஐந்தாம் தேதி தவணைப் பணத்தோடு போனபோது கவுண்டரில் இருந்தவர், இந்தக் கணக்கை முடக்கி வைத்திருக்கிறார்கள், மேலிடத்தில் பார்க்கிறார்கள், பணம் வாங்க முடியாது, கடிதம் வரும் என்றார். கடிதம் வரவில்லை. ஸ்டேஷன் பக்கத்தில் சின்ன வீடாகப் பார்த்துக் குடிமாறிவிட்டதால் வரவில்லையோ என்று ஒருநாள்கூட அவருக்குத் தோன்றவில்லை. வங்கி வாசல் வாட்ச்மேன், "சம்சாரம் தவறிட்டாங்கன்னு விட்டுட்டாங்க போல அண்ணாச்சி, நல்ல மேனேசரு" என்றான். நல்ல மேனேசர். ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த வாட்ச்மேன் கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம் ஒன்று கொடுத்து, உள்ளே எல்லாருக்கும் கொடுங்க என்று சொல்லி வந்திருக்கிறார். வருடத் திதியில் அவளுக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது, முகம் தெரியாத அந்த மேனேசர் குடும்பமும் நன்றாயிருக்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர்கள் தின்றது செத்தவன் கொடுத்த கடலைமிட்டாய். யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவரிடம் கேட்பதை நிறுத்திவிட்டு அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

யார் செய்த தப்பு? முதலில் பாரத்தை நீட்டின கவுண்டர் ஆள்மேல் போட்டுப் பார்த்தார். அவள் போனதை எழுதிக் கொடுக்கப் போன அன்றைக்கு மார்ச் முப்பத்தொன்று. வருடக் கணக்கு முடிக்கிற நாள், ஆபீசே சந்தைக்கடை மாதிரி இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போயிருந்தார். கூட்டுக் கடனில் ஒருத்தர் தவறிவிட்டால் வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் போனது. கவுண்டர் ஆள் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பாரத்தைத் தள்ளி, நிரப்பிச் சான்றிதழோடு போட்டுவிட்டுப் போங்கள் என்றார். மொட்டையைப் பார்த்தாவது தெரிய வேண்டாமா, எந்தப் பிணம் மொட்டை போட்டுக்கொண்டு வந்து பாரம் நிரப்பும்? ஆனால் பாரத்தில் எழுதினது அந்தக் கவுண்டர் ஆள் இல்லையே. அப்புறம் அந்தப் பேனாமேல் போட்டுப் பார்த்தார். மேசையோடு நூலில் கட்டியிருந்த பேனா, எழுதாது, கிறுக்கிக் கிறுக்கித்தான் எழுத வைக்க வேண்டும். முப்பது வருடமாக டிரிப் ஷீட்டில் பெயர் என்று இருக்கிற இடத்திலெல்லாம் தன் பெயரை எழுதிப் பழகின கை. பெயர் என்று கண்டதும் எழுதியிருக்கும். கண் மேலே இருந்த வார்த்தையைப் பார்த்திருக்காது. அப்படித்தான் இருக்கும். மாடு தன் தொழுவத்துக்குத் தானே போகிற மாதிரி. அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், அந்த இடத்திலேயே நின்றார். பாட்டில் தண்ணீரை ஒரு வாய் குடித்தார், குடிக்கிற சத்தம் தனக்கே பெரிதாகக் கேட்டது.

அதே வங்கியில், கடன் வாங்கப் போன அன்றைக்கு, அதிகாரி அவளிடம் கணவர் பெயர் என்ன என்று கேட்டார். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இவரைப் பார்த்தாள். "நீங்கதாம்மா சொல்லணும், அவரு சொல்லக் கூடாது" என்றார் அதிகாரி, விளையாட்டுக்குத்தான். கழுகுமலையில இருக்காருல்லா, அவரு பேரு என்றாள். எந்தப் பேரு, அவருக்கு ஆயிரம் பேரு இருக்கே என்று அவர் விடவில்லை. அவள் ஆறு விரலை விரித்து முகத்துக்கு முன்னால் காட்டினாள். ஆபீசே சிரித்தது. வெளியே வந்து, "கட்டுன நாள்லயிருந்து சொன்னதில்ல, கடனுக்காகச் சொல்லவா?" என்றாள். சொன்னால் புருசனுக்கு ஆயுசு குறையுமாம். அவளுக்கு அவருடைய ஆயுசைப் பற்றித்தான் பேச்சே. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு, உங்களுக்கு முந்தி நான் போயிரணும் என்று சத்தமாகவே வேண்டிக்கொள்வாள், அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், சோற்றை உருட்டினபடி வாயை மூடு என்பார். அப்படியே போனாள். புதுச் சேலை உடுத்தி, சங்கிலியைத் திரும்பக் கழுத்தில் போட்டு, நெற்றியில் காலணா அளவுக்குக் குங்குமம் வைத்து, தலைகொள்ளாமல் பூ வைத்துக் கிடத்தியிருந்தார்கள். தெருப் பெண்கள் எல்லாரும் வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பூவும் பொட்டுமாப் போயிட்டா, குடுத்து வச்சவ என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். வேறு எந்த ஆறுதலும் அவருக்குள் இறங்கவில்லை. அது ஒன்றுதான் இறங்கியது. கேட்டதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். டிரைவர் சம்பளத்தில் ஒரு நல்ல பட்டுக்கூட எடுத்துக் கொடுக்காதவன், அவள் கேட்ட அந்த ஒன்றை மட்டும், சும்மா உயிரோடு இருந்தே கொடுத்துவிட்டேன் என்று.

இப்போது இந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டிக்குள் அவள் வேறு மாதிரி இருக்கிறாள். சண்முகையாவுக்குக் கண்ணை மூடாமலே அது தெரிந்தது. புருசன் செத்து ஆறு வருடமான ஆவுடைத்தாய். நெற்றியில் வெறும் திருநீறு. தலையில் ஒரு முழம் பூ கிடையாது. கல்யாண வீட்டில் எதிரே வந்துவிடக் கூடாதே என்று ஓரமாக ஒதுங்கி நிற்கிறாள். பதினோரு தடவை தபால்காரன் கதவைத் தட்டுகிறான், அவளுக்குப் பெயரைத் தவிர எழுதத் தெரியாது, வாங்கின காகிதத்தை எங்கே வைப்பாள், அரிசிப் பானைக்குள்ளா? ஆள் வருகிறார்கள், முற்றத்தில் நின்று கத்துகிறார்கள், அவள் கொல்லைக் கதவு வழியாகப் போகிறாள், செருப்பில்லாமல், ஊர் ஊராக, ஒளிந்து. அவளை அப்படி அலையவிட்டது யார்? ஆஸ்பத்திரிக்காரர்கள் இல்லை, நோய் இல்லை, சாமி இல்லை. அவள் வேண்டி வாங்கிக்கொண்டு போனதை அவள் போன பத்தொன்பதாம் நாளே திரும்பப் பிடுங்கினது நான். ஒரு ஓட்டைப் பேனாவால் அவள் பொட்டை அழித்திருக்கிறேன்.

பிரேமாவைக் கூப்பிட்டார். சாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதுகிறவள், சாப்பாட்டு நேரம், இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார். அவளுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அவளும் அப்படித்தான் சிரித்து, பாதியில் நிறுத்தினாள். "என்னப்பா சொல்லுதிய, நீங்க செத்ததாவா?" "ஆமாத்தா." "சரி, நல்லதாப் போச்சு. என் பேருலயே போடுங்க. அவரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. மாசாமாசம் நீங்க குடுங்க, நான் கட்டுதேன்." அவர் தாளின் மூலையை விரலால் அழுத்திப் பிடித்தார். "அப்பா? லைன்ல இருக்கியளா?" "அம்மாவத் தலைமறைவுன்னு எழுதியிருக்கான்த்தா. கைகாரியாம்." அந்தப் பக்கம் டிபன் பாக்ஸ் மூடும் சத்தம் கேட்டது. பிரேமா மெதுவாகச் சொன்னாள், "அம்மாவுக்கு இனிமே என்னப்பா வந்துரப் போகுது? உங்களுக்கு வண்டி வேணும். நீங்க திங்கணும்லா." அவள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. "அவளுக்குத்தான் பதினோரு நோட்டீஸ் வந்திருக்கு" என்றார். அது பதிலில்லை என்று அவருக்கே தெரிந்தது. "என்னமோ செய்ங்க. அழுதுறாதிய, ஆபீசுல இருக்கிய" என்று சொல்லும்போது அவள் குரல்தான் உடைந்தது. அவள் வைத்தபிறகும் போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார், யாரும் தன்னிடம் பேச வராமல் இருப்பதற்காக.

ஒன்றும் எழுதாமல் எழுந்து போய்விடலாம். நாளைக்குக் கார். வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவிடம் பணம். திங்கட்கிழமை முதல் நடை. எழுதாமல் இருப்பது எவ்வளவு லேசு. ஒன்றும் செய்ய வேண்டாம், கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தால் போதும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தார். இதைத்தான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் போய்க்கொண்டிருந்தார் என்று இப்போது தெரிந்தது. கை பழக்கத்தில் எழுதிவிட்டது என்பது பொய். முழுப் பொய்யில்லை, எழுதினது பழக்கம்தான். ஆனால் எழுதி முடித்துக் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர் பாரத்தை மேலேயிருந்து படித்தார். எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை அவர். காலமானவரின் பெயர் என்று அச்சடித்திருந்தது. அதற்கு நேரே சண்முகையா என்று இருந்தது. பார்த்தார். தப்பு என்று தெரிந்தது. அடித்துவிட்டு மேலே எழுத வேண்டும் என்றும் தெரிந்தது. அடிப்பது பெரிய காரியமில்லை. அடித்துவிட்டு அந்த இடத்தில் அவள் பெயரை எழுத வேண்டும். அந்த மூன்று வாரத்தில் எத்தனையோ பேர் வந்து எத்தனையோ விதமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள், அவரும் ஆமா ஆமா என்று தலையாட்டினார், சுடுகாட்டில் கொள்ளியும் வைத்தார், ஆனால் அந்த வார்த்தைக்கு நேரே அந்தப் பெயரைத் தன் கையால் எழுதினால் அப்புறம் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். பேனாவைப் பிடித்தபடி நின்றார். பின்னால் வரிசையில் நின்றவன், "பெருசு, சீக்கிரம்" என்றான். இருக்கட்டுமே என்று தோன்றியது. நானாகவே இருக்கட்டும். அந்த ஒரு நிமிடம் அது அவருக்குச் சுகமாகக்கூட இருந்தது. சான்றிதழில் அவள் பெயர் இருக்கிறதே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று தனக்குச் சமாதானம் சொல்லி, கையெழுத்துப் போட்டு, பெட்டியில் போட்டுவிட்டு, வெயிலில் இறங்கி நடந்தார். வேறு யாரும் செய்த தப்பில்லை. தெரிந்துதான் விட்டுவிட்டு வந்தேன்.

அவர் எழுத ஆரம்பித்தார். ஜெபசிங்கின் பேனா நன்றாக எழுதியது, அதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஐயா, தங்கள் வங்கியில் மேற்படி எண்ணுள்ள கடனில் காலமானவர் என்று பதிவாகியிருக்கும் சண்முகையா ஆகிய நான் உயிரோடு இருக்கிறேன். அது தடையில்லாமல் வந்தது. காலமானவர் என் மனைவி. அங்கே நின்றது. மணி இரண்டு பத்து. உள்ளே யாரோ டிபன் பாக்ஸ் கழுவுகிறார்கள், குழாய்த் தண்ணீர் சத்தம் நின்றது, திரும்பவும் கேட்டது. ஆ என்று எழுதினார். அது வெறும் ஆ. எந்தச் சொல்லாகவும் மாறிப் போகலாம், ஆடு, ஆலமரம், ஆஸ்பத்திரி. வு. இன்னும்கூட ஒன்றும் நடக்கவில்லை. டை என்று கொம்பைச் சுழித்தபோது சுழி கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. அவளும் கையெழுத்துப் போடும்போது அந்த இடத்தில்தான் நாக்கைக் கடித்துக்கொள்வாள். த், தா, ய். எழுதிவிட்டார். கட்டிடம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஏசி ஓடியது. பக்கத்து மேசைப் பெண் யாரிடமோ வட்டி விகிதம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறு வருடத்துக்கு முன் அழுதது போதாது என்று வைத்திருந்தது போல ஒரு அழுகை அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மேலே வந்து, வழியில் எங்கேயோ நின்றுகொண்டது. தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். மேலேயிருந்து ஒருதரம் படித்துப் பார்த்தார்.

ஜெபசிங் கையைத் துடைத்துக்கொண்டே வந்து தாளை எடுத்துப் படித்தான். கேலி ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணாச்சி, இத அனுப்பிட்டா திரும்ப வாங்க முடியாது. கார் போயிரும். இன்னொரு தடவ கேக்கேன்." "அனுப்புங்க தம்பி." ஜெபசிங் தாளைப் படம் பிடித்து வங்கி நண்பனுக்கு அனுப்பினான். அது போய்ச் சேர்வதற்குள் சண்முகையாவின் செல்போன் அடித்தது. டயாலிஸிஸ் போகிறவர்களில் ஒருவரான லூர்து டீச்சர். "என்னப்பா சண்முகையா, லோன் ஓகேயா? திங்கக்கிழமை எத்தன மணிக்குக் கெளம்பணும்? மத்த ரெண்டு பேரும் என்னைத்தான் கேட்டுக் கொல்லுதாக." "டீச்சர், வண்டி இல்ல டீச்சர். வேற பாத்துக்கிடுங்க." "ஏன், என்ன ஆச்சு?" "எங்க வீட்ல தவறிட்டா டீச்சர்." லூர்து டீச்சர் ஒரு நிமிடம் குழம்பினார்கள். "அது ஆகி எத்தனையோ வருசம் ஆச்சேப்பா?" "ஆமா டீச்சர். இன்னைக்குத்தான் எழுதிக் குடுத்தேன்." அவர் போனைப் பைக்குள் வைக்கும்போது ஜெபசிங்கின் போனில் பதில் வந்து விழுந்தது. திருத்தத்தை எடுத்துக்கொள்வார்கள், அந்தம்மா பெயரில் இருக்கிறதை நீக்கிவிட்டுக் கணவர் பெயருக்கு மாற்றிவிடுவார்கள், நோட்டீஸ் இனிப் புது விலாசத்துக்கு வரும். "இன்னைத் தேதிக்கு வட்டியோட எவ்வளவு நிக்கின்னு கேக்கவா அண்ணாச்சி?" என்றான் ஜெபசிங். கேளுங்க என்றார். சண்முகையா பெயரில் இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரத்து நானூற்று அறுபது ரூபாய் நின்றது.